கோடு பழகியவர்க்கே வண்ணம்

நம் ஓவிய மன்றத்துப் பெரியவர்கள் கேட்டால் தட்ட முடியாது. நவீன ஓவியத்தின் வழிகளைப் பற்றி மலருக்கு எழுதச் சொன்னார்கள். ராய் சவுத்ரி, பணிக்கர், தனபால் என்ற சென்னை ஓவியப் பள்ளி வரிசையும் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான கதையும் அன்பர்களுக்கு மனப்பாடம். ஆகவே நேரே அரூபத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்து அரூப ஓவியத்தில் மூன்று வழிகளைச் சொல்லலாம். ஒன்று பணிக்கர் வழி. 1963 முதல் வந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தும் எண்ணும் பொருளை உதிர்த்துவிட்டு வெறும் வடிவங்களாய் நின்றன. இரண்டாவது, அச்சுதன் கூடல்லூரைப் போல வண்ணத்தையே முதலும் முடிவுமாகக் கொண்ட வழி. மூன்றாவது கோட்டிலிருந்து கிளம்பிய வழி. திருவண்ணாமலைக்காரரான சந்தானராஜின் கோட்டு வீச்சை அறிந்தவர்கள் இதை ஒப்புவார்கள். அந்த வழியில் உச்சம் தொட்டவர் கே.எம். ஆதிமூலம்.

துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர். சென்னையில் தனபாலின் அரவணைப்பில் வளர்ந்தவர். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கறுப்பு மைச் சித்திரங்களை எடுத்துப் பாருங்கள். மேல்துண்டின் மடிப்புகளில் கோடுகள் நெருங்கி, விலகி, பின்னிக் கிடக்கும். மற்றதைக் கையால் மறைத்து அந்த இடத்தை மட்டும் தனியே பார்த்தால் துணியும் இல்லை, காந்தியும் இல்லை, கோடுகளின் ஓட்டம்தான். அரூபம் அங்கேயே முளைவிட்டுவிட்டது. பிறகு அவர் சித்திரங்களில் மகாராஜாக்கள் வந்தார்கள். அவர்களும் கோட்டிலேயே கலைந்தார்கள். அதற்கப்புறம்தான் உருவத்தைத் துறந்து, எண்ணெய் வண்ணத்தில் அகன்ற வெளிகளைத் தீட்டினார். 2008-ல் மறையும்வரை கோட்டையும் கைவிடவில்லை. சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் வரைந்ததும், கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் போட்ட படங்களும் சாட்சி. ‘எழுத்து’ சிற்றிதழை நடத்திய செல்லப்பா வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சிற்றிதழ் ஓவியரின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஆசிரியரும் இந்தக் கோட்டு வழிக்காரர்தான். பள்ளியில் டிராயிங் மாஸ்டர். வீட்டுத் திண்ணையில் குரு. சந்தையிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவந்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார். காம்பில் தொடங்கிய பேனா, நுனியைச் சுற்றி மறுபடி காம்புக்கு வரும்வரை தாளைவிட்டு எழக்கூடாது. ரப்பருக்கு அங்கே இடமே இல்லை. ஹையர் கிரேடு ஓவியத் தேர்வில் தேறியவனும் அவரிடம் வெற்றிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வண்ண டப்பாவைத் திறக்க அனுமதி கிடைப்பதற்குள் மீசை முளைத்துவிடும்.

இன்றைய நிலை? யாரையும் குறித்துச் சொல்லவில்லை. திறமைசாலிகள் நிறையவே இருக்கிறார்கள். ஆனாலும் சில கண்காட்சிகளில் பார்ப்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. கை வராததை மறைக்க அரூபம் நல்ல போர்வையாகிவிட்டது. அக்ரிலிக்கை ஊற்றிச் சாய்த்தால் ஒரு படம். ‘மௌனம்’ என்று பெயர் வைத்தால் விலை கூடுகிறது. பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடம் விழுங்குகிறது. போர்டு எழுதியவர்களின் பிழைப்பை ஃபிளெக்ஸ் விழுங்கியது. கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரைக்கூடக் கம்ப்யூட்டர் போடுகிறது. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிட்ட கைகள் ஸ்டிக்கர் ஒட்டுகின்றன. ஒரு ஊருக்குக் கோடு மறந்தால் அதன் கையெழுத்து கெடும், கட்டடம் கோணும், நடத்தையும் கோணும் என்றே நினைக்கிறேன். மிகைப்படுத்துகிறேன் என்பார்கள், சொல்லட்டும்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுக் கண்காட்சியில் அரூப ஓவியம் வைக்க விரும்புவோர், அதனுடன் பத்துக் கோட்டுச் சித்திரங்களையும் தரவேண்டும் என விதி செய்யுங்கள். மூத்த உறுப்பினர்களுக்கும் விலக்கு வேண்டாம். என் பத்தை நான் முதலில் தருகிறேன்.