கல்லைத் தொடாத கல் பாடம்

பாறை, கனிமம் பற்றி இணையத்தில் தேடி எழுதிவரச் சொல்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் நாலைந்து தளங்களைத் தேர்ந்து, கேள்வித்தாளோடு கொடுப்பார். பிள்ளைகள் அதற்குள் தேடுவார்கள். 1995-இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் வகுத்த 'வெப்குவெஸ்ட்' முறையின் சாயல் இதில் உண்டு.

இந்த வழிகாட்டல் தேவைதான். செவ்வந்திக்கல் என்று தேடும் பிள்ளை ராசிக்கல் வியாபாரத்தில் போய் மாட்டிக்கொள்ளாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' வரைபடத்தில் தன் ஊருக்கு அடியில் என்ன பாறை என்று பார்க்கலாம். பாடநூலில் இதற்கு இடமில்லை.

குறை படங்களில் தொடங்குகிறது. குவார்ட்ஸ் என்று தேடினால் கண்ணாடிபோன்ற அறுகோணப் படிகங்கள் வரிசைகட்டும். தெருவோர ஜல்லிக் கல்லில் இருக்கும் குவார்ட்ஸோ வடிவமில்லாத சாம்பல் துணுக்கு. படத்தை நம்பிய பிள்ளைக்கு அது கண்ணிலேயே படாது. நிறத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் ஏமாற்றும். கறுப்பாகத் தெரியும் ஹேமடைட்டை மெருகில்லாத ஓட்டின் பின்புறத்தில் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும். திரையில் அதைத் தேய்த்துப் பார்க்க முடியாது.

அதைவிட எனக்கு உறுத்துவது கேள்வித்தாள். 'தீப்பாறை என்றால் என்ன?' என்று கேட்டால் நகலெடுத்த பதில்தான் வரும். சார்னோகைட்டைக் கொடுத்துப் பாருங்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் வைத்த பெயர் அது; சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் அதுவே. ஹாலந்து அதைத் தீப்பாறை என்றார். பின்வந்தவர்களில் பலர், ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய பாறை என்றார்கள். இரண்டு தளங்களைப் படிக்கும் மாணவிக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். எந்தச் சான்றை வைத்து யார் எதைச் சொல்கிறார்கள் என்று அவள் கேட்கத் தொடங்கும் அந்த இடம்தான் உண்மையான ஆய்வு. நம் கேள்வித்தாளோ ஒரே ஒரு கோடிட்ட இடத்தை விட்டு, அந்தக் கேள்வியை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கல் கையில் இருக்கட்டும். நகத்தால் கீறி, பேனாக்கத்தியால் கீறி, பொடித்து வினிகர் விட்டு, கண்டதைப் பிள்ளைகள் தங்கள் சொற்களில் எழுதட்டும். கத்தி கீறாத கல்லுக்குள் என்ன இருக்கும் என்ற சந்தேகத்தோடு இணையத்துக்குப் போகட்டும். மதிப்பெண்ணும் அச்செடுத்த வண்ணப் படங்களுக்கு வேண்டாம். அந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்த்தார்கள் என்பதற்கே போகட்டும்.