முறையும் குறையும்: ஆரணி நெசவாளர் வழக்கும் இறைமாட்சி உரையும்

ஆள்வோன் காண்பதற்கு எளியனாக இருத்தல் வேண்டும் என்பது திருக்குறள் இறைமாட்சி அதிகாரம் கூறும் இயல்புகளுள் ஒன்று. யாருக்கு எளியன் என்பதை வள்ளுவர் விரித்துரைக்கவில்லை, விரித்தவர் பரிமேலழகர். அரசனைக் காண வருவோரை அவர் இருவகைப்படுத்துகின்றார். முறை வேண்டி வருவோர் ஒருவகையினர். அவர் வலியவரால் நலிவுற்றவர். குறை வேண்டி வருவோர் மற்றொரு வகையினர். அவர் வறுமையுற்று இரப்பவர். உரையில் ஓரிரு வரியில் அடங்கும் இவ்வேறுபாட்டைக் கற்போர் பலரும் சொல்லின்பமாகக் கொண்டு கடந்து விடுவர். ஆயினும், ஆள்வோரிடம் குடிகள் எதிர்பார்க்கத் தக்கது யாது என்னும் வினாவை ஆராய்வார்க்கு இதனினும் கூரிய கருவி நம் உரைநூல்களுள் அரிது.

இருவகையினரும் வாயிலில் ஒருங்கே நிற்பர். ஒருவரே இருவகையிலும் அடங்குதலும் உண்டு. வலியவரால் நலிவுற்றவன் வறியவனாதல் இயல்பே. ஆகவே அரசன் அவனை எவ்வகையினனாகக் காண்கின்றான் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. குறை தீர்ப்பவனுக்குப் பொருள் மட்டும் வேண்டும். அதனைக் கொடுத்தால் வாழ்த்துக் கிடைக்கும். எதிர்த்து நிற்பார் ஒருவரும் இலர். முறை செய்பவன் நிலை அஃதன்று. முறை வேண்டும் வழக்கில் எதிரி ஒருவன் உளன். அவன் வலியவன் என்று உரையே கூறுகின்றது. அவன் வெறுப்பை ஏற்காமல் முறை செய்தல் இயலாது. முறை வேண்டி வந்தவனைக் குறை வேண்டி வந்தவனாக மாற்றி அனுப்பிவிடுதல் ஆள்வோர்க்கு எக்காலத்தும் எளிதாயிருத்தற்குக் காரணம் இதுவே.

கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றது முறை வேண்டி. கணவனை இழந்த பெண்ணுக்குப் பொருள் கொடுத்து அவன் அனுப்பியிருப்பின் அஃது ஈகையாகவே கருதப்பட்டிருக்கும், சிலப்பதிகாரம் பிறந்திராது. வாயிற்காவலன் சொற்கேட்டு அவளை உள்ளே வரவிட்டான், வழக்கினைக் கேட்டான், தன் பிழை கண்டபொழுது உயிர் துறந்தான் என்பதனாலேயே பிழை செய்த அம்மன்னன் பெருமை பெறுகின்றான்.

இனிப் புறநானூற்றில் ஒரு பாட்டை நோக்குவாம். முப்பத்தைந்தாம் பாட்டு, வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடிப் பழைய நிலவரிக் கடனினின்று விடுதலை பெற்றது என்று அதன் அடிக்குறிப்பு கூறும். கடன் நீக்கம் வேண்டிய பாட்டு எனின், புலவர் தம் வறுமையைப் பாடியிருப்பார் என்றே படிப்பவர் எதிர்பார்ப்பர். பசித்த சுற்றமும், அடுப்பு எரியா மனையும், கிழிந்த உடையும் புறநானூற்றில் வேறு பாட்டுகளில் நிரம்ப உள்ளன. இப்பாட்டில் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. வேந்தன் படை பெறும் வெற்றி உழுபடையின் விளைவே என்கின்றார் புலவர். மழை பொய்ப்பினும் விளைவு குன்றினும் உலகம் காவலரையே பழிக்கும் என்கின்றார். வெண்கொற்றக்குடை வெயில் மறைத்தற்குரியது அன்று, வருந்தும் குடிக்கு நிழல் செய்தற்குரியது என்று அதன் பொருளையே அரசனுக்கு நினைவூட்டுகின்றார். பிறர் கூறும் உறுதியற்ற சொல்லைக் கொள்ளாதே என்றும் கூறுகின்றார். கருணை வேண்டும் குரல் இதில் யாண்டும் இல்லை. வழக்குரைக்கும் குரலே உள்ளது. இதற்குச் செவியறிவுறூஉ எனத் துறை வகுத்தோர் பாட்டின் உள்ளம் அறிந்தே வகுத்தனர். பாடிப் பரிசில் பெறும் பாடாண் பாட்டுகளோடு இதனை ஒருங்கு வைத்து, புலவர் பாடினார், அரசன் கொடுத்தான் என்று கொள்வது பாட்டின் உயிரை விட்டுவிடுவதாகும்.

பிசிராந்தையார் அறிவுடைநம்பிக்கு உரைத்த யானை உவமையும் இத்துறையினதே. ஒரு மாவிற்குக் குறைந்த நிலத்து நெல்லாயினும் கவளமாக்கிக் கொடுப்பின் யானைக்குப் பல நாள் ஆகும். யானை தானே புகுந்து உண்ணின் நூறு வயலும் காலால் அழியும். வரியைக் குறைத்துக்கொள் என்பது இப்பாட்டின் கருத்தாகப் பலர் கொள்வர். வரி கொள்ளும் நெறியினை அறிந்து கொள் என்பதே புலவர் கருத்து. வரிசை அறியாது ஆரவாரிக்கும் சுற்றத்தை அவர் பழித்ததும் அந்நெறி தவறுதல் பற்றியே. பரிசில் வேண்டும் சொல் இதிலும் இல்லை.

இப்பாகுபாட்டை மன்னராட்சிக் காலத்தோடு நிறுத்துதல் வேண்டா. நம் காலத்து வழக்கொன்றில் வைத்து இதனைச் சோதிக்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் ஒருங்கே பெயர் பெற்ற ஊர். நாகனார் பாடிய உழுபடையும் தறியும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர் எனலாம். தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றூர்களிலும் பட்டு நெசவு உண்டு. நெசவாளர் பலர் நூலும் சரிகையும் தாம் வாங்கி நெய்பவர் அல்லர். பாவு கொடுக்கும் முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ பெற்று, சேலைக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்பவர். தறிக்குழியில் நெய்பவர் ஒருவராயினும், நூல் சுற்றுதல், பாவு பிணைத்தல் முதலிய பணிகளில் வீடு முழுதும் கை கொடுக்கும்; கூலி பெரும்பாலும் ஒருவர் கூலியே. (வள்ளுவர் நெசவு செய்து வாழ்ந்தார் என்னும் செவிவழிக் கதையை இக்கட்டுரை சான்றாகக் கொள்ளவில்லை.)

ஆரணி நெசவாளரின் முதன்மை வழக்கு வறுமை பற்றியது அன்று, விசைத்தறி பற்றியது. பல நாள் உழைப்பில் கைத்தறியில் உருவாகும் சேலையின் தோற்றத்தை விசைத்தறி மிகக் குறைந்த பொழுதில் நெய்து தருகின்றது. அதனை விசைத்தறிச் சேலை என்றே விற்பின் வாங்குவோர் தம் விருப்பம் போல் தேர்வர். கைத்தறி என்னும் பெயரில் அது விற்கப்படும்பொழுதே நெசவாளன் வலியவரால் நலிவுறுகின்றான். இவ்வழக்கினைத் தீர்க்கும் சட்டம் புதுதில்லியில் இயற்றப்பட்டது. பட்டின் இறக்குமதித் தீர்வையும், 2017 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரியும் அங்கேயே முடிவு செய்யப்படுவன. ஆதலின் ஆரணி நெசவாளன் நிற்கும் வாயில் நாட்டுத் தலைவர்களின் வாயிலே ஆகும்.

அவ்வாயிலில் முன்பு நிகழ்ந்தது ஈண்டு அறியத்தக்கது. 1952, 1953 ஆம் ஆண்டுகளில் கைத்தறித் தொழில் பெருந்துன்பத்தில் வீழ்ந்தபொழுது, சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராசாசி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்குமாறு நடுவண் அரசை வேண்டினார். இஃது உதவி வேண்டும் சொல் அன்று. ஆலைகளை எதிரிகளாக வைத்து எழுப்பிய வழக்கு. தில்லி அதனை முழுவதும் ஏற்கவில்லை. ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு கட்டியது. 1953 இல் ஆலைத்துணி மீது தனித்தீர்வை விதித்து, அதனைக் காதிக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் செய்தது. அதே ஆண்டில் அறிஞர் அண்ணாவும் அவர் இயக்கத்தினரும் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் ஒரு தொழிலாளர் பொருட்டு ஒரே காலத்தில் இயங்கியமை நினைத்தற்குரியது. ஆயினும் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. துணி விற்றல் குடியின் துன்பத்தில் பங்கு கொள்ளுதல்; தேங்கிய துணியை அது நகர்த்தும்; தேக்கத்தின் காரணத்தைத் தொடாது. அரங்கில் பெரிதாகத் தோன்றியது தோட்சுமையே. வழக்கினை வழக்காக எடுத்துச் சென்றது இராசாசியின் கோரிக்கையே என்பது என் துணிபு.

தில்லி முறை செய்ய முன்வந்த காலமும் உண்டு. 1985 இல் நாடாளுமன்றம் கைத்தறிக்கு உற்பத்திப் பொருள்களை ஒதுக்கீடு செய்யும் சட்டத்தை இயற்றியது. 22 வகைப் பொருள்கள் கைத்தறிக்கே உரியவை எனப் பின்னர் அறிவிக்கப்பட்டன. அதனை எதிர்த்தோர் நீதிமன்றம் சென்றனர். 1993 இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற பின்னரே பட்டியல் குறைந்தது என்பது வியப்பு. 1996 இல் 22 வகை 11 ஆயிற்று. பட்டுச் சேலை அப்பதினொன்றனுள் எஞ்சி நிற்கின்றது. ஆயினும் சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்புப் பெரும்பாலும் மாநிலங்களிடம் உள்ளது. மீறுவோரைக் கண்டு வழக்குத் தொடுக்கும் அலுவலர் மிகச் சிலர், தறிகளோ பல்லாயிரம். 2006 இல் வந்த கைத்தறி முத்திரை, எது உண்மை எனத் தேரும் பொறுப்பை வாங்குவோரிடம் வைத்தது. ஏட்டில் முறையும் நாட்டில் குறையுமாக வழக்கு நின்றுவிட்டது.

மாநில அரசின் ஒரு செயலையும் ஈண்டுக் கூறவேண்டும். 2016 இல் தமிழ்நாட்டு அரசு கைத்தறி நெசவாளர்க்கு 200 அலகு மின்சாரமும், விசைத்தறியாளர்க்கு 750 அலகு மின்சாரமும் கட்டணமின்றி வழங்க ஆணையிட்டது. 2023 இல் அவை முறையே 300 உம் 1,000 உம் ஆயின. வழக்காடும் இருவரையும் ஒருங்கே அழைத்து, இருவர்க்கும் பரிசில் கொடுத்து, வழக்கைக் கேளாமலே அனுப்பியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. கொடை தீது என்பது என் கருத்தன்று. குறை வேண்டி வருவோர்க்கும் வாயில் திறத்தல் வேண்டும் என்றே பரிமேலழகரும் கொள்கின்றார். ஆனால் முறையை முன்னும் குறையைப் பின்னும் வைத்தார் அவர்.

விசைத்தறியில் நிற்பவனும் வறியவனே, அவனை வலியவன் என்பது எங்ஙனம் என்று வினவுவார் உளர். தக்க வினாவே. 1954 இல் அறிக்கை தந்த கனுங்கோ குழு, கைத்தறியைப் படிப்படியாக விசைத்தறியாக மாற்றுவதே நெறி என்று கூறியது. அக்கருத்தினை எளிதில் தள்ளுதற்கில்லை. கைத்தறியைத் தொழிலாக நிலைநிறுத்துதல் தகாது என்று ஒரு தலைவர் கருதின், அதனை நெசவாளர் முன்னே நின்று கூறலாம். மாற்றுத் தொழிலுக்கு வழியும் கூறலாம். அதுவும் முறை செய்தலின்பாற்படும், கேட்போர்க்குக் கசக்குமாயினும். சட்டத்தை நீக்கவும் மாட்டாது, செலுத்தவும் மாட்டாது, இரு திறத்தாரையும் வாக்காளராக மட்டும் காண்பதே இறைமாட்சிக்கு மாறானது. தேர்தலில் ஒவ்வொரு வாக்கும் ஒன்றே. எதிரியை உண்டாக்கும் சொல்லைத் தவிர்ப்பது வேட்பாளர்க்கு இயல்பு. மன்னனுக்கு இல்லாத இவ்வச்சம் மக்களாட்சித் தலைவர்க்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆகவேதான், ஆரணி பெயரிலேயே 2009 முதல் நாடாளுமன்றத் தொகுதி ஒன்று இருந்தும், அங்கு வாக்கு வேண்டி வருவோரிடம் எவ்வளவு தருவீர் என்னும் வினாவைக் காட்டிலும், 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீவிர் செலுத்துவீரா, நீக்குவீரா என்னும் வினா முந்துதல் வேண்டும்.

வினவுவார்க்கும் இதில் கடமை உண்டு. தொல்காப்பியர் வாயுறை வாழ்த்தினை விளக்குமிடத்து வேம்பினையும் கடுவினையும் உவமையாக எடுத்தார். இப்பொழுது கசந்து பின்னர்ப் பெரும்பயன் தருவது அது. இறைமாட்சி அதிகாரத்திலேயே கேட்கக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பினை வள்ளுவர் வேந்தனுக்கு வேண்டினார். பொறுப்பதற்கு அவன் இருப்பினும், சொல்லுதற்கு ஒருவர் வேண்டுமன்றோ? நம் கூட்டங்களில் தலைவர் முன் வைக்கப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் குறையின் மொழியிலேயே எழுதப்படுகின்றன. நாகனார் நடையில் எழுதப்பட்ட விண்ணப்பம் அரிது.

2015 ஆகத்து 7 ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில், முதலாவது தேசியக் கைத்தறி நாளைத் தலைமை அமைச்சர் நரேந்திர மோதி தொடங்கி வைத்தார். 1905 இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளின் நினைவாக அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2019-20 இல் எடுத்த நான்காம் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் நெசவாளரும் துணைத்தொழிலாளருமாக 35.22 இலட்சம் பேர் உளர் என்றது. பத்தாண்டுக்கு முன்னர் அவ்வெண் 43.31 இலட்சம். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் திங்கள் வருவாய் 5,000 உரூபாய்க்கும் குறைவு என்றும் அக்கணக்கு காட்டிற்று. 2020 சூலை இறுதியில், அரசின் அமைப்புகளைச் சுருக்கும் நோக்கத்தோடு, அனைத்திந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. அறிவுரை கூறும் உரிமையன்றி வேறு அதிகாரம் அதற்கு இல்லை. அதன் பயன் சிறிதே என்று கூறுவாரும் உளர். எனினும் தொழிலைச் சார்ந்தோர் துறை அமைச்சரின் முன் அமர்ந்து தம் வழக்கைக் கூறுதற்கு அமைந்திருந்த இடம் அது. காட்சிக்கு எளிமை என்பதற்கு மன்றமும் வாயிலும் இல்லாத நம் காலத்தில் அத்தகைய இருக்கைகளே பொருள். இராசாசி தில்லியில் வழக்குரைத்த அக்காலத்தே, 1952 இல், அனைத்திந்தியக் கைத்தறி வாரியம் மீண்டும் நிறுவப்பட்டது.