பிள்ளை யாரிடம்? – சபரகமுவத் தோட்டங்களும் கட்டுக்காவற் சட்டமும்

பெற்றோர் பிரியுமிடத்துப் பிள்ளை யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதே இலங்கையின் கட்டுக்காவற் சட்டம் பெரிதும் ஆராய்ந்த வினாவாகும். பிரிந்து சென்றவரைப் பிள்ளை எங்கே, எப்போது, எவர் துணையுடன் காண்பது என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு விடப்பட்ட சிறு விடயமாகவே இருந்து வந்துள்ளது. இக்குறைபாட்டின் விளைவை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் தெளிவாகக் காணலாம்.

உரோம டச்சுச் சட்டம் தந்தையையே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலனாகக் கொண்டது. திருமண பந்தம் நீங்காதவரை தந்தையின் உரிமையே முந்தியது என்றும், பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ தீங்கு நேருமெனத் தாய் நிறுவினாலன்றி அது விலக்கப்படாது என்றும் 1956 இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. பிற்காலத் தீர்ப்புகள் பிள்ளையின் நலனுக்கே முதன்மை அளித்தன. எனினும், வழக்காடி விவாகரத்துப் பெற வசதியற்றுப் பிரிந்து மட்டும் வாழும் தோட்டத்துப் பெண்ணுக்கு எதிராக நின்றது பழைய விதியே.

குடியுரிமைச் சட்டமும் இதே நோக்குடையது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, திருமணத்திற் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தந்தை வழியாகவே கிடைத்தது. தாய் பிரசையாயிருந்தும் தந்தை நாடற்றவனாயின் பிள்ளையும் நாடற்றதே. பிள்ளை தாயின் மடியில் வளர்ந்தது. அதன் நாடோ தந்தையின் தாளில் இருந்தது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வேற்றுமையை நீக்கிற்று.

மேலும், தோட்டத்துக் குடும்பங்களைப் பிரித்தது மணமக்களின் பிணக்கு மட்டுமன்று, அரசுகளும் பிரித்தன. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பின்னர் பிறந்த பிள்ளைகள் ‘இயற்கைப் பெருக்கம்’ என்னும் பெயரால் இக்கணக்கில் இணைக்கப்பட்டனர். விவாகரத்துத் தீர்ப்பிலேனும் பிள்ளையைக் காண ஒரு நாள் குறிக்கப்படுவதுண்டு. தலைகளை எண்ணிய இவ்வொப்பந்தத்திலோ பிரிந்தோர் ஒருவரையொருவர் காண்பதற்கு எவ்வித ஏற்பாடும் இல்லை. 1984 இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பற் சேவை நின்றபோது எளியோர் சென்று காணும் வழியும் அடைபட்டது.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. பெற்றோர் இருவருடனும் ஒழுங்காகத் தொடர்பு கொள்வது பிள்ளையின் உரிமை என அதன் 9 ஆம் உறுப்புரை கூறுகிறது. பெற்றோர் வெவ்வேறு நாடுகளில் வாழினும் அவ்வுரிமை உண்டு என்பது 10 ஆம் உறுப்புரை. சட்டத்தின் நோக்கு இங்கு தலைகீழாக மாறுகிறது: காணும் உரிமை பெற்றோருக்கு வழங்கும் சலுகையன்று, அது பிள்ளையின் உடைமை.

ஆயினும், தோட்டத்தின் வாழ்நிலையை நோக்காத கட்டளை வெறுந்தாளே. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குரியது; பிரிந்தவர் அங்கு வந்து பிள்ளையைக் காண்பதெனின் மாமியார், மைத்துனர், அயலார் அனைவரின் முன்னிலையிலுமே காணல் வேண்டும். வேலை நாளில் வருபவருக்கு அன்றைய ‘பேர்’ இல்லை. மனுவைத் தமிழில் இடுவதற்கு அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை இடமளிப்பினும், சபரகமுவ நீதிமன்றங்களின் மொழி சிங்களமாகும்.

பாட்டி வளர்க்கும் தோட்டத்து வழக்கமே போதும், நீதிமன்றம் எதற்கு என்பாருமுளர். அவ்வழக்கம் பல பிள்ளைகளைப் பசியினின்று காத்தது உண்மையே. ஆனால், பாட்டிக்கும் தாய்க்கும் பகை மூளின் பிள்ளையின் பக்கம் நின்று பேச அவ்வழக்கத்தில் எவருமிலர்.

எனவே கட்டளை நுணுக்கமாக எழுதப்படல் வேண்டும். நாள் ஞாயிறாகலாம், இடம், பிள்ளைக்கு ஏலவே பழகிய பிள்ளைக் காம்பராவாகலாம். அழைத்து வருபவர் யார், பஸ் கட்டணம் யாருடையது என்பனவும் அதில் இடம்பெறுதல் வேண்டும். இவை அற்ப விடயங்களாகத் தோன்றலாம். தாயையோ தந்தையையோ காணக் காத்திருக்கும் பிள்ளைக்கு இவையே சட்டமாகும்.