ஆறடி மனிதனின் ஊர்

ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைக் காரில் போய்ப் பார்த்தவர்கள். சண்டிகரைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பாதி அந்த ரகம்தான். தலைமைச் செயலகம், சட்டசபை, ஹைகோர்ட்டு, திறந்த கை. இந்த நான்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு, லெ கார்புஸியே மகா மேதை என்றோ மகா அகம்பாவி என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அந்தக் கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுவிட்டது. இனி அவற்றுக்கு என் சிபாரிசு தேவையில்லை. நான் பேச வந்தது செக்டர் 17 பற்றி. ஊரின் மையத்தில், மனிதர்கள் காலால் நடப்பதற்கென்றே ஒதுக்கிய கடைவீதி அது. சதுக்கத்துக்குள் வண்டிகள் வரக்கூடாது. நடப்பதற்கென்று கட்டியதை நடந்து பார்த்துத்தானே விமரிசிக்க வேண்டும்? இரண்டு நாள் நடந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நான்கு தளக் கட்டடங்கள்; சம இடைவெளியில் கான்கிரீட் தூண்கள்; கீழே நெடுகத் தாழ்வாரம். மனையை வாங்கியவர் உள்ளே எப்படி வேண்டுமானாலும் தடுத்துக்கொள்ளலாம். முகப்பு மட்டும் சர்க்கார் வகுத்த அச்சில்தான் இருக்க வேண்டும். வெயிலோ மழையோ, தாழ்வாரத்திலேயே வெகுதூரம் போகலாம். முதல் அரைமணி எனக்கு ஏதோ குறைவது போலவே இருந்தது. பிறகுதான் விளங்கிற்று. பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடிப்பார்கள் என்று என் பிடரி காத்துக்கொண்டே இருந்திருக்கிறது! யாரும் அடிக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு பெரிய கடைத்தெருவின் நடுவில் நின்று, நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆனால் கால் விசித்திரமான பிராணி. வழிவிட்டால் மட்டும் அதற்குப் போதாது. அடுத்த திருப்பத்தில் என்னவோ இருக்கிறது என்கிற சபலமும் வேண்டும். செக்டர் 17இல் திருப்பமே இல்லை என்று சொல்லமாட்டேன். திரும்பினால் முன்பு பார்த்த அதே தூண், அதே ஜன்னல், அதே தாழ்வாரம். முதல் அத்தியாயத்திலேயே கடைசி அத்தியாயம் தெரிந்துவிடுகிற நாவல்களை நாம் படித்ததில்லையா? பகல் இரண்டு மணிக்குச் சதுக்கத்தைப் பார்த்தேன். கான்கிரீட்டும் கல்லுமாகக் கொதித்துக் கிடந்தது. ஜனங்கள் எல்லோரும் ஓரமாகத் தாழ்வாரத்தை ஒட்டியே ஊர்ந்தார்கள். ஊரின் நெஞ்சு என்று கட்டிய இடத்தைக் குறுக்கே கடந்தது ஒரே ஒரு நாய்தான். அதுவும் ஓட்டமாக.

இதற்குக் காரணம் தேடிப் போனபோது ஒரு விஷயம் அகப்பட்டது. கார்புஸியே கட்டடங்களுக்கு ‘மாடுலர்’ என்று ஓர் அளவுகோல் வைத்திருந்தார். மனித உடம்பின் உயரத்திலிருந்து எல்லா அளவுகளையும் பெருக்கிக்கொண்டு போவது அதன் முறை. முதலில் அந்த மனிதனின் உயரம் 175 சென்டிமீட்டர். கணக்கு வசமாக விழவில்லை. அப்போது கூட இருந்த ஒருவர், இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களில் லட்சணமான ஆண்கள், உதாரணமாகப் போலீஸ்காரர்கள், எப்போதும் ஆறடி இருப்பார்களே என்று யோசனை சொன்னாராம். உடனே 183 ஆகிவிட்டது. இதை அவரே தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்த அளவைச் சண்டிகரிலும் கையாண்டார். நான் 5 அடி 4 அங்குலம். ஒரு கதாபாத்திரத்தின் சட்டையை எனக்கு மாட்டிவிட்டால் தொளதொளவென்றுதானே இருக்கும்?

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும். பாத்திரங்களை முன்கூட்டியே அளவெடுத்து, அவர்கள் நடக்க வேண்டிய வழியைக் கோடு கிழித்துக் கொடுத்தவன்தான் நானும். அப்படி எழுதிய ஒரு நாவலை இன்று எடுத்துப் புரட்டினால் செக்டர் 17இன் பகல் இரண்டு மணி போலத்தான் இருக்கிறது.

வரைபடத்தில் இல்லாதவர்கள்தான் பல காலம் இந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். தரையில் துணி விரித்து வளையல் விற்றவர்கள், பொம்மைக்காரர்கள், தின்பண்டக்காரர்கள். தூணுக்குத் தூண் அவர்கள் உட்கார்ந்தபோது காலுக்குத் தயங்கி நிற்க ஒரு சாக்கு இருந்தது. தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் மத்திய சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின்படி வகுத்த திட்டத்திலேயே செக்டர் 17 விற்பனை கூடாத பகுதி ஆயிற்று. 2019இல் அவர்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். என் செருப்பு வார் அறுந்தபோது, ஒரு கட்டடத்தின் பின்பக்கம் யாரும் பார்க்காத மூலையில் ஒரு சக்கிலியரைக் கண்டுபிடித்தேன். “முன்னால் உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிறார்கள்” என்றார்.

இந்த அபிப்பிராயங்களையெல்லாம் முடித்துக் கட்டிக்கொண்டுதான் ஒரு ஜவுளிக்கடைக்குள் போனேன். கல்லாவில் எண்பதை நெருங்கிய பெரியவர். நல்ல இங்கிலீஷ். பேச்சு வளர்ந்தது. “இந்த இடத்துக்கு இரண்டு சந்து வேண்டும் ஐயா, வளைந்து நெளிந்து” என்றேன்.

அவர் சற்று நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“என் தகப்பனாருக்கு லாகூரில் கடை. ஷாஆல்மியில். நீங்கள் சொல்கிற மாதிரிதான், வளைந்து நெளிந்து. 1947 ஜூனில் அதற்கு நெருப்பு வைத்தார்கள். சந்தில் நெருப்பு பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. லாகூர் போய்விட்டதால்தான் கிழக்குப் பஞ்சாபுக்கு இந்தத் தலைநகரமே வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. படித்ததுதான். ஆனால் நடக்கும்போது அது என் காலில் இல்லை. திறந்த வெளி என்றால் எனக்கு அலுப்பு. அவர் குடும்பத்துக்கு அது தப்பிக்கிற வழி. எரியாத சந்தில் வளர்ந்தவன்தான் சந்தைக் கவிதையாகப் பேசுகிறான்.

ஆனாலும் விடவில்லை. “அப்படியானால் தரைக்கடைக்காரர்களை ஏன் விரட்டினீர்கள்?”

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது வியாபாரம். நாங்கள்தான் கேட்டோம். வாடகை கொடுக்கிறவனுக்கும் ஓசியில் உட்காருகிறவனுக்கும் வித்தியாசம் வேண்டாமா? 2013இல் எலான்டே மால் வந்தது. பாதிக் கூட்டம் அங்கே. அவர்களை அனுப்பினோம், மீதியும் குறைந்தது. இப்போது சதுக்கம் நன்றாகச் சுத்தமாக இருக்கிறது” என்றார்.

ஊர் முழுதும் வேண்டுமானால் அவர் கட்சியாக இருக்கலாம். அந்த விஷயத்தில் மட்டும் நான் செருப்புத் தைத்தவர் கட்சிதான்.

மாலை ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு அவரும் என்னுடன் வெளியே வந்தார். வெயில் தணிந்திருந்தது. குடும்பங்கள் வந்திருந்தன, படிகளில் வாலிபர்கள், நீரூற்றைச் சுற்றிக் குழந்தைகள். பகலில் நான் திட்டிய இடமா என்று எனக்கே சந்தேகம். பெரியவர் கைகூப்பி விடை பெற்றுக்கொண்டு, சதுக்கத்தின் நட்ட நடுவாக, கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்து போனார். நான் பழக்கதோஷத்தில் தாழ்வாரத்து ஓரமாகவே போனேன்.