ரத்தக் காட்டேரியும் கறுப்புக் குரங்கும்

2001 மே மாதம், கிழக்கு டெல்லியில் மொட்டை மாடியில் படுத்திருந்தவர்களை ஏதோ ஒரு ஜந்து பிறாண்டிவிட்டு ஓடுகிறது என்று பேச்சு கிளம்பியது. காஜியாபாத்தில் தொடங்கி டெல்லிக்குள் நுழைந்த பேச்சு. கோடைப் புழுக்கம், மின்வெட்டு, இருட்டு. 'காலா பந்தர்' என்றார்கள், கறுப்புக் குரங்கு. வாய்க்கு வாய் அதன் உருவம் வளர்ந்தது. தலையில் ஹெல்மெட், கையில் இரும்பு நகம், சிவந்து எரியும் கண், மார்பில் பொத்தான்கள். பாகிஸ்தான் ஏவிவிட்ட இயந்திரம் என்றவர்களும் உண்டு. போலீஸுக்கு நூற்றுக்கணக்கில் அழைப்புகள் வந்தன. துப்புக் கொடுப்பவருக்கு 50,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள். கூச்சல் கேட்டு அலறி ஓடி, மாடியிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. குரங்கு அகப்படவில்லை, குள்ளமாக இருந்த ஒரு சாமியார் அகப்பட்டார், அவரைக் கும்பல் அடித்து நொறுக்கியது. கூட்டு மனப்பீதி என்று மனநல மருத்துவர்கள் பிறகு முடிவுகட்டினார்கள்.

இந்தச் சம்பவத்தை வைத்து ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ரா எடுத்த 'டெல்லி-6' (2009) படத்தை யாரும் பேய்ப் பட வரிசையில் வைப்பதில்லை. அறிவியல் புனைவு வரிசையில் நிச்சயமாக இல்லை. ஆனால் ரிச்சர்ட் மாத்திசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலைப் படித்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தால் உறவு புரியும். அந்த ரத்தக் காட்டேரி நாவல் கடைசிப் பக்கங்களில் சொன்னதை, அதிலிருந்து நேரடியாகப் பிறந்த மூன்று படங்களும் முழுசாகச் சொல்லத் துணியவில்லை. பழைய டெல்லிச் சந்து ஒன்று, தெரியாமலே அதன் வாசல் வரை போயிருக்கிறது.

நாவலின் கதை 1976இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்குகிறது. எழுதிய காலத்தில் அது எதிர்காலம். ஊர் முழுக்கக் காட்டேரியாகிவிட, நோய் தொற்றாத ஒரே ஆள் ராபர்ட் நெவில். மனைவியும் மகளும் போய்விட்டார்கள். பகலில் கடைசல் இயந்திரத்தில் மரமுளை சீவி, தெருத்தெருவாகப் போய், தூங்கும் காட்டேரிகளின் நெஞ்சில் அடித்து இறக்குகிறான். பொழுது சாய்ந்தால் வாசலில் பூண்டு மாலை கட்டி, கதவைச் சாத்தி, விஸ்கியும் இசைத்தட்டுமாக உட்கார்ந்துவிடுகிறான். வெளியே பழைய அண்டைவீட்டுக்காரன் பென் கார்ட்மன் நின்றுகொண்டு, இரவு முழுக்க அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறான். பயங்கரத்தை இவ்வளவு வீட்டோடு ஒட்டவைத்து எழுதியவர்கள் குறைவு.

நெவில் படித்த விஞ்ஞானி அல்ல, ஆலைத் தொழிலாளி. நூலகத்தில் புத்தகம் எடுத்து, நுண்ணோக்கி தேடிப்பிடித்து, தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொள்கிறான். காட்டேரிக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடிக்கிறான். தோட்டாவுக்குச் சாகாத உடலில் மரமுளை ஏன் வேலை செய்கிறது? காயம் திறந்தே இருந்தால் காற்று உள்ளே போகிறது, காற்றில்லாமல் வாழும் கிருமியின் சமநிலை குலைகிறது. பூண்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினால் ஒன்றும் ஆவதில்லை, வாசனைதான் விரட்டுகிறது. சிலுவைக்கான விளக்கம் இன்னும் நுட்பம். உயிரோடிருந்தபோது கிறிஸ்தவனாக இருந்தவன்தான் சிலுவைக்கு அஞ்சுவான். யூதனான கார்ட்மனுக்குத் தோரா காட்டவேண்டியிருக்கிறது. பயத்தில் பாதி மனதின் வேலை என்கிறார் மாத்திசன். அறிவியல் சரியா தப்பா என்பது வேறு விஷயம். மூடநம்பிக்கையின் ஒவ்வொரு உருப்படியையும் எடுத்து ஆய்வுக்கூட மேஜையில் வைக்கும் அந்தப் பிடிவாதம் அலாதியானது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படித்து வளர்ந்த வாசகருக்கு இந்த ருசி பழக்கமானது.

முடிவில்தான் அடி விழுகிறது. நோயோடு உயிர்வாழ மருந்து கண்டுபிடித்த புதிய மனிதக் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. செத்தவர்களோடு சேர்த்து அவர்களையும் நெவில் பகலில் கொன்று குவித்திருக்கிறான். அவர்களுடைய குழந்தைகளுக்குச் சொல்லும் பேய்க்கதையில் பேய் அவன்தான். பெரும்பான்மை மாறிவிட்டது, எனவே பூதமும் மாறிவிட்டது. இதைப் புரிந்துகொண்டுதான் சாகிறான்.

1964இல் வந்த 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்', ரோமில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். வின்சென்ட் பிரைஸ் நடித்தார். மூன்றில் கதைக்கு மிக நெருக்கமானது இதுவே. ஆனாலும் திரைக்கதை திருத்தப்பட்ட விதம் பிடிக்காமல் மாத்திசன் தன் பெயரை எடுத்துவிட்டு, லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். 1971இன் 'தி ஒமேகா மேன்' காட்டேரியையே தூக்கி எறிந்தது. கறுப்பு அங்கி போட்ட வெளிறிய மனிதர்கள் சார்ல்டன் ஹெஸ்டனைத் துரத்துகிறார்கள். அவர் ரத்தம் உலகுக்கு மருந்தாகிறது, உடலோ சிலுவையில் அறைந்ததுபோல் நீரூற்றில் கிடக்கிறது. தியாகி! நாவலுக்கு நேர் எதிர். 2007இல் வில் ஸ்மித் வந்தார். ஆளற்ற மன்ஹாட்டன் காட்சிகள் அபாரம், நாயின் சாவும் அப்படியே. கணினியில் செய்த பிறவிகள்தான் சோளக்கொல்லைப் பொம்மைகள்போல் உயிரின்றி நிற்கின்றன. இன்னொன்றும் கவனிக்கவேண்டும்: மூன்று படங்களுமே ஆலைத் தொழிலாளியை விஞ்ஞானியாகவோ ராணுவ மருத்துவராகவோ பதவி உயர்த்திவிட்டன. நட்சத்திரம் தப்பு செய்யக்கூடாது, அறியாமலும் செய்யக்கூடாது.

நாவலின் உண்மையான வாரிசுகள் வேறு இடத்தில் பிறந்தார்கள். ஜார்ஜ் ரொமேரோ இதைப் படித்த பாதிப்பில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) இன்றைய ஜாம்பி இனத்துக்கு மூதாதை. ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' (2016) வரை அந்தப் பரம்பரை நீள்கிறது. வாரிசுகளுக்குப் பல் கிடைத்தது, அந்த முடிவு கிடைக்கவில்லை.

'டெல்லி-6' இந்தப் பரம்பரையில் சேராத பிள்ளை. அமெரிக்காவிலிருந்து பாட்டியோடு சாந்தினி சௌக் வரும் ரோஷன், இந்து அப்பாவுக்கும் முஸ்லிம் அம்மாவுக்கும் பிறந்தவன். காலா பந்தர் பீதி மெல்ல மதச் சண்டையாகிறது. கடைசியில் குரங்கு வேஷம் போட்டு நிற்கும் ரோஷனைத்தான் கூட்டம் அடிக்கிறது, சுடுகிறது. கறுப்புக் குரங்கு அவரவருக்குள் இருக்கிறது என்று படம் கொஞ்சம் உரக்கவே பிரசங்கம் செய்கிறது. நெவிலின் தனிமை இதில் இல்லை, மாத்திசனின் கறார்த்தனமும் இல்லை. ஆனால் தன் அச்சத்துக்கு ஓர் உடல் தேடும் கூட்டம், வெளியாளைப் பூதமாக்கிவிடும் அந்தக் கணம், அப்படியே இருக்கிறது.

'டெல்லி-6', வில் ஸ்மித் படம் இரண்டும் ஒரே இடத்தில் சறுக்கின. இந்தியத் திரையரங்குகளில் ரோஷன் பிழைத்துக்கொண்டான்; வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போன பிரதியில் இறந்துபோனான். வில் ஸ்மித் படத்துக்கும் முதலில் வேறு முடிவு படமாகியிருந்தது. பிறவிகளின் தலைவன் தன் துணையைக் கேட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நெவில் உணர்கிறான். தான் சோதித்துக் கொன்றவர்களின் புகைப்படச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். முன்னோட்டத் திரையிடலில் ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதால், கையெறிகுண்டோடு சாகும் வீரனின் முடிவு தியேட்டருக்குப் போனது. டிவிடியில் கிடைக்கும் அந்த மாற்று முடிவுதான், மூன்று படங்களிலும் நாவலின் எண்ணத்தைத் தொட்ட ஒரே காட்சி என்பேன். தியேட்டர் பிரதியைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

மாத்திசன் 2013இல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து, வில் ஸ்மித் படத்தின் திரைக்கதை ஆசிரியர் அகிவா கோல்ட்ஸ்மன் அதன் இரண்டாம் பாகம் பற்றிப் பேசும்போது, கதை அந்த ஒதுக்கப்பட்ட முடிவிலிருந்துதான் தொடரும் என்று அறிவித்தார்.