ஆவாரை விதைப்பந்து

செம்மண்ணோடு மக்கிய சாண எருவைக் கலந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். விரலில் ஒட்டக்கூடாது, உருட்டினால் விரிசல் விடக்கூடாது, அதுதான் பதம். குழித்து இரண்டு மூன்று விதை வைத்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி நிழலில் உலர்த்தினால் விதைப்பந்து தயார். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். ஜப்பானிய இயற்கை விவசாயி மசானபு ஃபுகுவோகா பரப்பிய முறை, இன்று நம் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் பழகிவிட்டது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் உருட்டும் பந்துக்குள் ஆவாரை விதை இருக்க வேண்டும் என்பது என் ஆசை. குரோம் உப்பு வருவதற்கு முன் இங்கே தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தானே! தொழிலுக்காக உரித்த செடியை ஊர்ப் பிள்ளைகளே திரும்ப வளர்ப்பது எவ்வளவு நியாயம்! வறண்ட மண்ணிலும் பிழைக்கும்; ஆடுமாடு பெரும்பாலும் கடிப்பதில்லை. பூத்த பிறகு பாருங்கள்: தச்சன் வண்டு மகரந்தப்பையைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவிடும், நுனித் துளை வழியே மகரந்தம் கொட்டும். இதைக் கண்ட பிள்ளைக்குப் பாடப்புத்தகப் படம் தேவையே இல்லை.

ஆயிரக்கணக்கில் வீசிப் படமெடுத்துக்கொள்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்துப் பந்து போதும். மழைக்கு முன் பாறைச் சரிவில் இட்டு, இடத்தைக் குறித்துவைத்து, மழைக்குப்பின் போய் எத்தனை முளைத்தன என்று எண்ணட்டும். முளைக்காத இடத்தில் மண்ணைக் கிளறிக் காரணம் தேடட்டும்.