எல்லாக் கட்டுரையிலும் ஒரே தாத்தா

மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் முன்னாள் மாணவர்கள் சிலர், தாங்கள் ஆங்கிலத்தில் எழுதிய அறிமுகக் கட்டுரையை என்னிடமும் காட்டுவதுண்டு. தமிழாசிரியரிடம் எதுக்கு என்று கேட்காதீங்க. உயர்நிலையில் கட்டுரை திருத்தியவர் என்ற பழக்கம்தான்.

நாலைந்து கட்டுரை படித்தால் உங்களுக்கே தெரியும், எல்லாவற்றிலும் ஒரே தாத்தா. முதல் பத்தியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். ஒரு மருத்துவர் ஓடி வருவார். "அன்றே முடிவு செய்தேன்" என்று பத்தி முடியும். அந்த இழப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தாத்தா என்ன வேலை பார்த்தார், மாத்திரை போட அடம் பிடித்தாரா, மருத்துவரிடம் என்ன மொழியில் பேசினார், எதுவுமே இல்லை. நம் வகுப்பில் "கதிரவன் தன் பொற்கதிர்களை" என்று தொடங்கும் மனப்பாடக் கட்டுரைக்கு இது ஆங்கிலத் தம்பி.

மதிப்பெண்ணுக்கு மேல் எதுக்கு இந்தக் கட்டுரை? மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் பலரிடமும் ஏ தரம் வரிசையாக நிற்கும். அதை வைத்து மட்டும் ஆளைப் பிரிக்க முடியாது. அதனால்தான் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி மாணவரின் ஈடுபாடுகளைக் காட்டும் தொகுப்பையும் கேட்கிறது. நன்யாங்கின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் எம்எம்ஐ எனும் நேர்முகம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2004இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக்குப் பிறகு பல நாடுகளுக்குப் பரவிய முறை இது. ஒரே குழுவின் முன் உட்கார்ந்து பேசுவதற்குப் பதில், மாணவர் நிலையம் நிலையமாக மாறிப் போகணும். ஒவ்வொன்றிலும் ஒரு சூழல், சில நிமிடங்கள், வேறொரு மதிப்பீட்டாளர். மனப்பாடம் இங்கே இரண்டாவது கேள்வியிலேயே தடுக்கி விழும். நம் வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சியைப் பார்த்து மூன்று கருத்தை ஒப்பித்துவிட்டு, "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்றதும் விழிக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்க.

எனக்கு உறுத்துவது வேறு. வெளிநாட்டு மருத்துவ முகாம், மாமாவின் கிளினிக்கில் இரண்டு வாரம் என்று கட்டுரையை நிரப்ப எல்லா வீட்டிலும் வசதி கிடையாது. இல்லாத பிள்ளை "என்கிட்ட எழுத ஒண்ணும் இல்ல டீச்சர்" என்கிறது. பேசிப் பார்த்தால், இரண்டு ஆண்டாகப் பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போவதே அந்தப் பிள்ளைதான். பாட்டி "மயக்கமா வருது" என்பார். மருத்துவருக்கு அதை எப்படிச் சொல்வது? தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா? நம் ஒரு சொல்லுக்குள் மூன்று புகார் இருக்கு. மூன்றுக்கும் மருத்துவர் தேடும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். அதனால் அந்தப் பிள்ளை பாட்டியிடம் திரும்பி, "விழுந்தீங்களா, இல்ல சுத்துச்சா?" என்று கேட்டு, பிறகுதான் ஆங்கிலத்தில் சொல்கிறது. பல நாள் முகாமில் எடுத்த படத்தைவிட, மருத்துவம் என்றால் என்ன என்பது இந்த ஒரு கேள்வியில் அதிகம் தெரிகிறது. கட்டுரையில் மட்டும் அது இல்லை, ஏனென்றால் அதற்குச் சான்றிதழ் கிடையாது.

(இதைப் படித்துவிட்டு எல்லாரும் பாட்டியை மருந்தகத்துக்கு அனுப்பிவிடாதீங்க. அப்புறம் அவரும் அந்தத் தாத்தா மாதிரி ஆகிடுவார்.)

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். அங்கே விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ், 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரையாக இருந்ததை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது. மொத்த அளவு பழையபடி 4,000 எழுத்துருக்கள், இடைவெளியும் சேர்த்து. மூன்றாவது கேள்வி, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்பதோடு நிற்கவில்லை; அது ஏன் பயனுள்ளது என்றும் கேட்கிறது. பதவிப் பட்டியல் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தப் பின்பாதிதான் சிக்கல்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வரைவைக் காட்டினால் உடனே ஆங்கிலத்தைத் திருத்தப் போகாதீங்க. "அந்த இடத்தில் நீ என்ன சொன்னே? அவங்க என்ன பதில் சொன்னாங்க?" என்று முதலில் கேளுங்க. மருத்துவத்துக்கு யூகாஸின் கடைசி நாள் அக்டோபர் 15. அதற்குச் சற்று முன்புதான் தொடக்கக் கல்லூரிகளில் முன்னோட்டத் தேர்வு நெருக்கும். முதல் வரைவை ஜூன் விடுமுறையிலேயே கேட்டு வாங்கிடுங்க.